ஊதா நாளின் பச்சை பன்

எர்லீனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பயன், வார்த்தை வெளியே போன பிறகுதான் புத்தி பின்னாலேயே ஓடி வரும். அந்த மார்ச் மாதமும் அப்படித்தான் ஆயிற்று. எட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் தன் தலைமுடியைப் பந்தயம் வைத்துவிட்டாள்.

ஒகினாவாவில், அமெரிக்க முகாமுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளியில் பதினோரு வருஷமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேனேஜர் அவள். ஜார்ஜியாக்காரி. புருஷன் மரைன் படையிலிருந்து ஓய்வு பெற்றும் தீவை விட்டுப் போக மனசில்லாமல் முகாமிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் நானூறு தட்டுக்கு மேல் போகும். ஒரு மாதம் இருக்கிற முகங்கள் அடுத்த மாதம் இருக்காது. இன்றைக்கு இங்கே கேரட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற பையன் அடுத்த திங்கட்கிழமை ஜெர்மனியில் சுளித்துக்கொண்டிருப்பான். அவன் நின்ற இடத்தில் புதிதாக ஒருத்தி வந்து நிற்பாள். அப்படி வந்து நின்றவள்தான் ஜூனி.

ஜூனி வந்தது ஜனவரியில். மூன்றாம் வகுப்பு, நான்காவது பள்ளி. அப்பா மரைன் படையில் சார்ஜன்ட். குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஜூனியின் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் நோட்டு இருக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் ‘சொன்னாங்க’ என்று எழுதியிருப்பாள். உள்ளே, பெரியவர்கள் அவளுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் வரிசையாக இருக்கும். நடந்ததற்கு எதிரே சரிக்குறி, நடக்காததற்கு எதிரே பெருக்கல் குறி. வாத்தியார் திருத்திய மோசமான பரீட்சைத் தாள் மாதிரி இருக்கும் அந்த நோட்டு.

ஏப்ரல் வந்தால் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு என்று ஒரு மாதம். அதில் ஒரு நாள் ஊதா நாள். பள்ளி முழுக்க ஊதா உடுத்திக்கொண்டு வரும். தரைப்படைப் பச்சை, கடற்படை நீலம், மரைன் சிவப்பு என்று எல்லாப் படை நிறத்தையும் ஒன்றாகக் கலந்தால் ஊதா வருமாம். யார் கலந்து பார்த்தார்கள் என்று கேட்கக்கூடாது. அந்த வருஷம் ஊதா நாளன்று தட்டிலும் ஊதாதான் என்று எர்லீன் முடிவு செய்தாள். ஊதா திராட்சை, ப்ளூபெரித் தயிர். அறிவிப்பை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புக்கு உரக்கப் படித்தும் காட்டினாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஜூனி தட்டவில்லை.

“மாறிடும், மிஸ் எர்லீன்.”

“என்னடி மாறிடும்?”

“எல்லாந்தான். எப்பவும் மாறிடும். நாய்க்குட்டி வாங்கலாம்னாங்க, அதுக்குள்ள இங்க மாத்தலாயிடுச்சு. என் பாட்டுக் கச்சேரிக்கு வரேன்னு அப்பா சொன்னாரு, கப்பல் திரும்பி வர தேதி மாறிடுச்சு. ‘படையோட தேவை’ம்பாங்க. நீங்களும் கடைசில அதான் சொல்வீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். எர்லீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாயும் திறந்துகொண்டது.

“இது படை இல்ல கண்ணு, என் சமையல்கட்டு. இங்க நான் சொன்னா சொன்னதுதான். அன்னிக்கு ஒவ்வொரு தட்டுலயும் ஊதா இருக்கும். இல்லேன்னா என் தலைக்கு ஊதா சாயம் அடிச்சுக்கறேன், போதுமா?”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தலைமுடி பள்ளிக்கே தெரிந்த தலைமுடி. ஐம்பத்தெட்டு வயதில் சுத்தமான வெள்ளி. ஒரு சொட்டுச் சாயம் பட்டதில்லை என்று அவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். வாரம் தவறாமல் சனிக்கிழமை ஒரு சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து முடியைச் சுருட்டிவிட்டுக்கொள்வாள். ஜூனி நோட்டைத் திறந்து எழுதினாள். பிறகு பென்சிலை நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க.”

எர்லீன் போட்டாள்.

அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் சுமிகோ. தலைமைச் சமையல்காரி, உள்ளூர்க்காரி. எர்லீனை விட இரண்டு வயது மூத்தவள். பதினோரு வருஷமாக ஒருத்தி மற்றவளை வம்பிழுக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

“மேனேஜரம்மா, ஊதா உங்களுக்கு எடுப்பா இருக்கும்” என்றாள் சுமிகோ.

“உன் வேலையைப் பாரு.”

“பார்த்துட்டுத்தான் இருக்கேன். கத்திரிக்காய்க்குக் கண்ணாடி மாட்டின மாதிரி இருப்பே.”

இனிமேல்தான் எர்லீன் செய்த தப்பு. இப்படி இரண்டு ஊர் நேரத்தில் வாழ்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

சமையல்கட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று இங்கத்து மணி. இன்னொன்று, தலைமை அலுவலகம் இருக்கிற டெக்சாஸ் மணி. பண்டிகை நாள் பொருட்களுக்கெல்லாம் அங்கே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கேட்டு எழுதிவிட வேண்டும். கேட்டால் கப்பலில் ஏறி ஒரு மாதத்தில் வரும். அங்கே வெள்ளி மாலை ஐந்து என்றால் இங்கே சனிக்கிழமை காலை எட்டு. ஆனால் மார்ச் பாதியில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைத்துக்கொள்வார்கள். ஜப்பானில் அந்த வழக்கமே கிடையாது. அதனால் அதற்குப் பிறகு கெடு இங்கே காலை ஏழுக்கே முடிந்துவிடும். ஒவ்வொரு மார்ச்சிலும் எர்லீன் முக்காலி போட்டு ஏறி டெக்சாஸ் கடிகாரத்தைத் திருப்பி வைப்பாள். அந்த வருஷம் முழங்கால் வலி. நாளைக்கு ஏறலாம், நாளைக்கு ஏறலாம் என்று ஒரு வாரம் போய்விட்டது.

புதிதாக வரும் குடும்பங்களின் பட்டியல் வெள்ளி சாயங்காலம்தான் கையில் கிடைத்தது. எத்தனை தட்டு என்று தெரியாமல் எப்படிக் கேட்பது? சனிக்கிழமை காலை வந்து நிதானமாக உட்கார்ந்தாள். டெக்சாஸ் கடிகாரம் நாலு இருபது காட்டியது. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று ஒரு காப்பி வேறு போட்டுக் குடித்தாள். அனுப்பினாள். உடனே பதில் வந்துவிட்டது. ‘இந்தக் கப்பலுக்கான கெடு முடிந்துவிட்டது. அடுத்த கப்பலில் சேர்த்துக்கொள்கிறோம்.’ அடுத்த கப்பல் வருவது ஊதா நாள் முடிந்து பத்து நாள் கழித்து.

எர்லீன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். ஜார்ஜியாவில் தேவாலயத்துக்குப் போகிற ஒரு பெண்மணி சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

திங்கட்கிழமை விஷயம் கேட்டதும் சுமிகோ சிரித்த சிரிப்பில் கரண்டி கை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“தீவு முழுக்க ஊதா மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. நீ கப்பலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கே.”

“என்ன சொல்றே?”

“சர்க்கரைவள்ளிக்கிழங்குடி! நம்மூரு ஊதா வள்ளிக்கிழங்கு. யோமிதான் கிராமத்துல போய் மண்வெட்டியப் போட்டா அதுதான் வரும். பதினோரு வருஷமா ஐஸ்க்ரீம்ல போட்டுத் தின்னுட்டு இருக்கியே, அது என்னன்னு நெனச்சே?”

எர்லீன் அவளைக் கட்டிப்பிடித்தாள். சுமிகோ கையில் வெங்காயத்தோடு கட்டையாக நின்றாள். கட்டிப்பிடிப்பதெல்லாம் அவளுக்குப் பழகாத சங்கதி.

ஆனால் பள்ளித் தட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நாம் எழுதும்போது அவர்கள் தூங்குவார்கள், அவர்கள் பதில் எழுதும்போது நாம் தூங்குவோம். ஒன்பது கடிதம் போய் வந்து அனுமதி கிடைத்தது. அடுத்தது உணவுச் சோதனைப் பிரிவின் சார்ஜன்ட் மெடீனா. முகாமுக்குள் நுழைகிற ஒவ்வொரு காய்க்கும் அவர் பார்வை பட்டாக வேண்டும். முகாம் கடைக்கே காய் போடுகிற யோமிதான் விவசாயியிடமிருந்துதான் கிழங்கு என்றதும் அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

“முத்திரை போட்டாச்சு மேடம். ஆனா நான் பார்க்காத ஒண்ணு, எலுமிச்சம் பழமா இருந்தாக்கூட, தட்டுக்குப் போகக்கூடாது.”

“என்னிக்காவது போயிருக்கா சார்ஜன்ட்?”

“இல்ல மேடம். நீங்க முடியைப் பந்தயம் வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் ஞாபகப்படுத்தறேன்.”

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது கதை, முகாம் முழுக்க!

ஊதா நாளுக்கு முந்தின நாள் கிழங்கை வேகவைத்து மசித்தார்கள். ராஜாவின் அங்கி போல ஒரு ஊதா. ஒரு கிண்ணத்தை ருசி பார்க்க முதல் வகுப்புக்குக் கொடுத்தால், பத்துப் பேரில் எட்டுப் பேர் கரண்டியால் கோட்டை கட்டினார்கள். இரண்டு பேர் அந்தக் கோட்டையைக் குத்தி இடித்தார்கள். தின்றவர் யாருமில்லை. எர்லீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் கையால் கொடுத்ததைப் பிள்ளைகள் தின்னாமல் போவதா!

“எங்க ஊர்ல வள்ளிக்கிழங்கை மாவுல போட்டுப் பிசைஞ்சு பன் சுடுவோம். மெத்துமெத்துன்னு வரும். தட்டுல மிச்சமே இருக்காது” என்றாள்.

“உங்க ஊர் கிழங்கு ஆரஞ்சு நிறமாச்சே” என்றாள் சுமிகோ.

“நிறம் எதுவா இருந்தா என்ன, கிழங்கு கிழங்குதான். காலையில நேரத்தோட வந்துடு.”

கிழங்கு கிழங்கில்லை என்பது மறுநாள் காலை தெரிந்தது. மெத்தென்று உப்புவதற்கு ஆப்ப சோடா போட வேண்டும். ஆரஞ்சுக் கிழங்கை அது ஒன்றும் செய்யாது. ஊதாக் கிழங்கோ சோடாவைக் கண்டால் சுபாவமே மாறிப்போகும். பிசையும்போதே மாவு லேசாக நீலம் தட்டியது. குழல்விளக்கு வெளிச்சம் என்று எர்லீன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரிய தட்டுகளை வரிசையாக அடுப்பில் தள்ளி, கதவைச் சாத்தி, பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். மணி அடித்தது. திறந்தாள்.

உள்ளே நானூற்றுச் சொச்சம் பன், அழகாக உப்பி, பொன் விளிம்போடு, பச்சைப் பசேல் என்று உட்கார்ந்திருந்தது.

சுமிகோ கரண்டியால் ஒரு பன்னைப் புரட்டிப் பார்த்தாள். அடியும் பச்சை.

“தரைப்படை மட்டும் வந்திருக்கு” என்றாள்.

“சிரிக்காதே.”

“சிரிக்கல.”

“உன் தோள் குலுங்குது சுமிகோ.”

எர்லீன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கிழங்கு அத்தனையும் தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை சுட நேரமும் இல்லை. முடி போனால் போகிறது, முடி வளரும். அந்தப் பெண் நோட்டைத் திறந்து, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், இன்னொரு பெருக்கல் குறி போடுவாளே. அதை நினைத்தபோதுதான் எர்லீனுக்குக் கண் கலங்கியது. படையே பரவாயில்லை, அது யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

சுமிகோ ஆறுதல் சொல்லும் ஜாதி இல்லை. ஒரு பச்சைப் பன்னை எடுத்துப் பிட்டாள். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். ஷிக்குவாசா சாறு, இந்தத் தீவின் குட்டி எலுமிச்சை. மீன், நூடுல்ஸ், தண்ணீர் என்று எதைக் கொடுத்தாலும் அதில் நாலு சொட்டு விடாமல் சுமிகோவின் தொண்டையில் இறங்காது. பன்னிலும் விட்டாள். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

“எர்லீன்.”

“தின்னுட்டுப் பேசாம இரு.”

“எர்லீன், இங்க பாரு!”

சொட்டு விழுந்த இடத்தில் பன் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. பச்சைக்கு நடுவில் ஒரு ஊதாப் புள்ளி. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். புள்ளி பரவியது. அமாவாசை இருட்டில் விளக்கைக் கண்ட மாதிரி எர்லீன் எழுந்து நின்றாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“பாட்டிலைக் குடு! எல்லாத்துலயும் தெளிச்சுடலாம்.”

“இது என் வீட்டு பாட்டில். மெடீனா பார்க்கல.”

எர்லீன் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் குளிர் அறைப் பக்கம் திரும்பினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மீன் போடுகிற நாள். மீனோடு வைப்பதற்காக இரண்டு கூடை எலுமிச்சம் பழம், மெடீனாவின் முத்திரையோடு, உள்ளே குளிரில் காத்துக் கிடந்தது.

“நாமளே பிழிஞ்சு வச்சுடலாமா?” என்றாள் சுமிகோ, கத்தியை எடுத்துக்கொண்டே.

எர்லீன் ஒரு நிமிஷம் யோசித்தாள். “வேண்டாம். துண்டு துண்டா வெட்டி, தட்டுக்கு ஒண்ணா வச்சுடு. பிழியறது அவங்க.”

பதினொன்றரைக்கு மணி அடித்தது. ஊதாச் சட்டை, ஊதா ரிப்பன், ஒரு டீச்சர் தலையில் ஊதாப் பொய்முடி. பரிமாறி உதவ வந்திருந்த படைத்தளபதி சீருடையில் ஊதா போடக்கூடாது என்பதால், யாரும் பார்க்காதபோது கால்சட்டையைத் தூக்கி ஊதாக் காலுறையைக் காட்டினார். மூன்றாம் வகுப்பு உள்ளே வந்தது. தட்டைப் பார்த்தது. சலசலப்பு எழுந்தது.

“பச்சையா இருக்கு!”

“மிஸ் எர்லீன், பூசணம் பிடிச்சிருக்கா?”

“முடி! முடி! முடி!” என்று பின்வரிசைப் பையன்கள் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஜூனி தட்டை வாங்கினாள். கோழி, சோளம், பால், எலுமிச்சைத் துண்டு, ஒரு பச்சைப் பன். பன்னை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு, எர்லீன் பயந்தபடியே, தட்டை மேஜையில் வைத்துவிட்டு மஞ்சள் நோட்டை எடுத்தாள்.

“பரவால்ல மிஸ் எர்லீன்” என்றாள். “நீங்க கஷ்டப்பட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும்.”

எட்டு வயதில் ஒரு பிள்ளை இப்படிப் பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொல்லக்கூடாது. எர்லீன் குனிந்து அவள் காதருகே சொன்னாள்.

“குறி போடறதுக்கு முன்னாடி, அந்த எலுமிச்சையை அதுமேல பிழி.”

“ஏன்?”

“பிழியேன்டி!”

ஜூனி பிழிந்தாள். சாறு பன்னின் தலையில் விழுந்து வழிந்தது. வழிந்த வழியெல்லாம் பச்சை ஓடிப்போய் ஊதா எட்டிப் பார்த்தது. ஜூனியின் வாய் திறந்துகொண்டது. பிட்டு உள்ளே பிழிந்தாள். அங்கேயும் ஊதா. பக்கத்திலிருந்தவன் பார்த்தான், பார்த்ததும் கூவினான். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததை அடக்க ஒரு தளபதி போதவில்லை. நானூறு பிள்ளைகள் ஒரே சமயத்தில் எலுமிச்சை பிழிந்தார்கள். பாதி சாறு பன்னில், மீதி அடுத்தவன் கண்ணில். முடி முடி என்று தட்டிய பையன்கள் இன்னொரு துண்டு கேட்டு வரிசையில் முதலில் நின்றார்கள். ஒரு பன்கூட மிச்சமில்லை. ஒரு குட்டிப் பையன் நாளைக்குக் கேரட்டும் நிறம் மாறுமா என்று கேட்டுவிட்டு, மாறாது என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

கூட்டம் வடிந்த பிறகு ஜூனி அடுப்படிக் கதவருகே வந்து நின்றாள். மூக்கு நுனியில் ஊதா.

“ஒரு கேள்வி. நீங்க சொன்னது நடந்துச்சா, இல்ல மாறிடுச்சா?”

எர்லீன் பொய் சொல்ல நினைக்கவில்லை. “மாறிடுச்சு கண்ணு. மொதல்ல திராட்சை வரல. அது என் தப்பு, கடிகாரத்தைத் திருப்பல. அப்புறம் பன்னும் பச்சையாப் போச்சு. அதுவும் என் தப்புதான்.”

“என்னமோ சொன்னா சொன்னதுதான்னு சொன்னியே” என்றாள் சுமிகோ பாத்திரக் குவியலுக்குப் பின்னாலிருந்து.

ஜூனி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமான நீதிபதி போல யோசித்தாள்.

“மாறிச்சு. ஆனா திரும்பி வந்துச்சு. அதனால பாதி முடி.”

“பாதியா!”

“சரி, ஒரு கத்தை.”

“ஒரு கத்தை. ஒத்துக்கறேன்.”

“சனிக்கிழமை உன் சிநேகிதி வீட்டுக்கு நானும் கூட வரேன்” என்றாள் சுமிகோ. “கண்ணால பார்க்கணும்.”

ஜூனி நோட்டைத் திறந்தாள். எர்லீன் கையெழுத்துப் போட்ட வரிக்கு எதிரே சரிக்குறியும் போடவில்லை, பெருக்கலும் போடவில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒரு எலுமிச்சைத் துண்டு வரைந்தாள். விதைகூட வைத்தாள். மூடப் போனவள் நிறுத்தி, பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். எர்லீன் எட்டிப் பார்த்தாள். ‘அப்பா — என் பாட்டைக் கேக்க வருவாரு’ என்று இருந்தது. எதிரே அழுத்தி அழுத்திப் போட்ட ஒரு பெருக்கல் குறி.

ஜூனி பென்சிலைத் திருப்பி அதை அழிக்க ஆரம்பித்தாள். காகிதம் கிழிந்துவிடும் போலிருந்தது. தடம் முழுக்கப் போகவில்லை. அதன் மேலேயே இன்னொரு எலுமிச்சைத் துண்டு வரைந்தாள்.

“கச்சேரி முடிஞ்சுபோச்சே கண்ணு” என்றாள் எர்லீன் மெதுவாக.

“தெரியும். வந்தப்புறம் வீட்லயே பாடிக் காட்டறேன்” என்றாள் ஜூனி. “இன்னும் பிழியல, அவ்வளவுதான்.”

நோட்டை மூடிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். எர்லீன் முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலை முனகலோடு தூக்கி ஏறி, டெக்சாஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைத்தாள்.